அகமாற்றத்துக்குச் சாட்சி யார்? மறவர் சீமையில் கிறிஸ்தவ மறுபிறப்பின் சரித்திரம்

புதுக்கோட்டைச் சீமையின் தென்பாகத்திலுள்ள திருமயம், வைணவ அடியார்க்குத் திருமெய்யம் என்னும் திவ்விய தேசம். சைவர்க்குச் சத்தியகிரீசுவரர் எழுந்தருளியுள்ள குடைவரைத் தலம். சரித்திரம் கற்றோர்க்கோ, இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி 1687-ஆம் ஆண்டில் எழுப்பிய கோட்டையினால் பெயர் பெற்ற ஊர். இத்தலத்தைப் பாடிய திருமங்கையாழ்வார், வழிப்பறி செய்தேனும் அடியார்க்கு அமுது படைக்கத் துணிந்த குறுநிலத் தலைவராய் இருந்து, தாம் வழிமறித்த பயணியே தம்மை ஆட்கொள்ள வந்த பெருமான் என்று கண்ட கணத்தில் வேறு மனிதரானவர் என்று குருபரம்பரைக் கதைகள் கூறும். திருமயத்துக்குத் தென்கிழக்கே ஆவுடையார்கோயில் என்று இன்று வழங்கும் திருப்பெருந்துறையோ, பாண்டியனின் மந்திரியாய்க் குதிரை வாங்கப் போன திருவாதவூரர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு மாணிக்கவாசகரான இடம். ஆகவே, ஒரு மனிதன் ஒரு நாழிகைக்குள் முற்றிலும் வேறொருவனாகிவிடக் கூடும் என்னும் நம்பிக்கை, பாதிரிமார் கப்பலேறி வந்து இந்நிலத்துக்குக் கற்பித்த புதுமையன்று.

அவர்கள் கொண்டுவந்த புதுமை வேறொன்று. பிறப்பை அறுப்பதே பேறு என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருந்த மக்களிடத்தில், நீ இன்னொருமுறை பிறந்தாலன்றி உய்வில்லை என்று அவர்கள் உபதேசித்தார்கள். அதுவும் மரணத்துக்குப் பின் வேறோர் உடலிலன்று, இந்த உடலிலேயே, இந்த வாழ்நாளிலேயே, பெயரும் ஊரும் சுற்றமும் மாறாதிருக்க உள்ளம் மாத்திரம் புதிதாய்ப் பிறக்க வேண்டும் என்றார்கள். உள்ளத்தில் நிகழ்ந்ததை மற்றவர் எவ்வாறு அறிவது, எதைக் கண்டு சபை அதனை மெய்யென்று ஏற்பது என்னும் வினா அவ்வுபதேசத்தோடு கூடவே பிறந்துவிட்டது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் முந்நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரத்தில் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகள் காலந்தோறும் எவ்வாறு மாறின என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. அச்சரித்திரத்தின் நடுநாயகமான சம்பவம் திருமயத்துக் கோட்டையைக் கட்டிய அதே சேதுபதியின் ஆட்சியில், கோட்டை எழும்பி ஆறாண்டுகளுக்குள் நிகழ்ந்தமையால், இவ்வூரை ஆராய்ச்சியின் வாயிலாகக் கொண்டேன்.

உபதேசத்தின் மூலம் யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் உள்ளது. யூத சபையின் பெரியோருள் ஒருவரான நிக்கொதேமு இரவில் இயேசுவை நாடி வந்தபோது, புதிதாய்ப் பிறவாதவன் தேவனுடைய இராச்சியத்தைக் காண இயலாது என்று கேட்டுத் திகைத்தார். முதியவன் மறுபடியும் தாயின் கருவறைக்குள் புகுவதெங்ஙனம் என்று வினவினார். நீராலும் ஆவியாலும் பிறவாதவன் அதில் பிரவேசிக்க இயலாது என்பதே அவருக்குக் கிடைத்த விடை. நீர், ஆவி என்னும் இரண்டினுள் நீர் கண்ணுக்குத் தெரிவது; ஆவி தெரியாதது. முற்காலத்துத் திருச்சபை இவ்விரண்டையும் பிரிக்க ஒருப்படவில்லை. ஞானஸ்நானம் பெற விரும்பியோரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் செய்து, அவர்களுடைய தொழிலையும் நடத்தையையும் விசாரித்து, மேற்றிசை நோக்கிச் சாத்தானைத் துறந்து கீழ்த்திசை திரும்பிக் கிறிஸ்துவை ஏற்கச் செய்த பின்னரே அவர்களை நீரில் இறக்கியது. அகுஸ்தீனார் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் 386-இல் மனந்திரும்பினார். அவர் அம்புரோசியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்றது மறு ஆண்டுப் பாஸ்கா இரவில்தான். அகத்துக்கும் புறத்துக்கும் இடையே காத்திருந்த அந்த மாதங்களே அக்காலத்தின் விடை என்னலாம்.

தமிழ்க் கடற்கரையில் அத்தகைய அவகாசம் இருக்கவில்லை. முத்துக்குளித்துறையின் பரதவர் 1530-களில் போர்த்துகேசியரின் பாதுகாப்பை வேண்டித் திரளாக ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். 1542-இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் எழுதிய கடிதமொன்றில் தெரிவிக்கிறார். சவேரியாரின் பக்தியையோ அவர் பட்ட பாடுகளையோ ஐயுறுவதற்கில்லை. ஆயினும் அக்கடிதத்தில் மறுபிறப்புக்குச் சாட்சியமாக நிற்பது ஓர் எண்ணிக்கையே. அவருக்குப் பின் அரை நூற்றாண்டு அக்கரையிலேயே வாழ்ந்து தமிழ் கற்று 1600-இல் காலமான அந்திரிக்கே அந்திரிக்கேசு, எண்ணிக்கையோடு அமைதியடையவில்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்தியமொழியொன்றின் அச்செழுத்தில் வெளிவந்த முதல் நூல் என்று யாவரும் போற்றுவர். பின்னர் 1580-இல் கொச்சியில் அவர் அச்சிட்ட ‘கொம்பெசியோனாயரு’ என்னும் பாவசங்கீர்த்தனக் கையேட்டை நினைப்பவர் சிலரே. நம் ஆராய்ச்சிக்கு அந்தச் சிறு நூலே பெரிது. முன்னமே ஞானஸ்நானம் பெற்றுவிட்ட ஒரு ஜனசமூகத்தை, ஒவ்வொருவராகத் தனித்து உட்கார்ந்து தத்தம் மனத்தைத் தாமே விசாரித்துக்கொள்ளப் பழக்குவதற்காக அது எழுந்தது. நீர் முந்திக்கொண்டது, உள்ளம் அதனைப் பின்னின்று எட்டிப்பிடிக்க வேண்டியதாயிற்று.

மதுரைக்கு 1606-இல் வந்த இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்னும் திருநாமத்தோடு, இம்முறையைத் தலைகீழாக மாற்றினார். காவியுடுத்து, புலால் நீக்கி, சந்நியாசியாய் வாழ்ந்த அவரிடம் சீடராக வந்தோர் பல நாள் தர்க்கித்து, தெளிந்து, பின்னரே ஞானஸ்நானம் பெற்றனர். கிறிஸ்தவ மறுபிறப்பை நாட்டுவதற்கு முன் பல பிறவிக் கொள்கையை விசாரித்தே தீரவேண்டும் என்பதை உணர்ந்த முதல்வரும் அவரே. அதன்பொருட்டு ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்றே ஒரு நூல் இயற்றினார். இங்கே சாட்சியமாவது ஒருவரது புத்தியின் சம்மதம். ஆனால் நொபிலி ஓர் எல்லைக்கோடு வகுத்தார்: குடுமியும் பூணூலும் சாதியாசாரமும் லௌகிகம், அவற்றை விடாமலே ஒருவன் மறுபிறப்படையலாம். 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அதற்கு அனுமதியும் அளித்தார். புதிதாய்ப் பிறந்தவனிடத்தில் முதற்பிறப்பின் சாதி அப்படியே நிலைத்திருக்கலாம் என்று ஒப்பிய அந்த இணக்கம், பிற்காலத்துத் தமிழ்த் திருச்சபை முழுவதையும் வருத்திய ஒரு வினையாயிற்று என்பதே என் துணிபு. அன்றைய அவசியத்தைக் கருதி நொபிலியைப் பழியாதிருக்கலாம். அதனால் அடிமட்டத்து மக்களுக்கு நேர்ந்த அவமதிப்பை மறைப்பதற்கு நியாயமில்லை.

பிராமணரல்லாத குலத்தாரிடையே உழைப்பதற்கென 1640 முதல் ஏற்பட்ட பண்டாரசுவாமிகள் மரபில் வந்தவரே அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோ. லிஸ்பன் நகரில் 1647-இல் பிறந்து, அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராய் வளர்ந்து, அச்செல்வம் அனைத்தையும் துறந்து மதுரை மிஷனுக்கு வந்த அவர், 1686-இல் சேதுபதி ஆண்ட மறவர் சீமையில் பிடிபட்டு, நீரில் அமிழ்த்தப்பட்டும் கொதிக்கும் பாறையில் கிடத்தப்பட்டும் வதைக்கப்பட்டார். அப்போது அவரை நேரில் விசாரித்து விடுதலை செய்தவர் கிழவன் சேதுபதியே. இனி இந்நாட்டில் போதித்தால் மரணம் என்னும் ஆக்கினையோடு விட்டார். ஐரோப்பாவுக்குச் சென்று மீண்ட அருளானந்தர், அந்த ஆக்கினையை அறிந்தே மறுபடியும் மறவர் சீமைக்குள் புகுந்தார்.

1692-இல் சிறுவள்ளியில் அதிகாரம் செலுத்திய தடியத் தேவர் தீராப் பிணியில் விழுந்தார். சேதுபதியின் சிங்காசனத்துக்கே உரிமை பாராட்டத்தக்க வம்சத்தினர் அவர். மருந்துகள் பயனற்றுப் போனபின் அருளானந்தரை வேண்டி ஆளனுப்ப, அவர் முதலில் தாம் செல்லாமல் ஓர் உபதேசியாரை அனுப்பினார், உபதேசியார் சுவிசேஷம் வாசித்துச் செபித்தார், பிணி நீங்கிற்று. பிணி தீர்ந்த பிரபு உடனே ஞானஸ்நானம் கேட்டார். முத்துக்குளித்துறையின் முறையானால் அன்றே நீர் வார்த்திருப்பர். அருளானந்தரோ, பல மனைவியரை உடைய ஒருவர், முறைப்படி முதலில் மணந்தவளோடு மாத்திரம் வாழ இசைந்தாலன்றி ஞானஸ்நானம் இல்லை என்றார். தடியத் தேவர் இசைந்தார். ஏனைய மனைவியரை அழைத்து, இனி அவர்களை உடன்பிறந்தாராகக் கருதிக் குறைவின்றி ஆதரிப்பதாக வாக்களித்துப் பிரிந்தார் என்று சரித்திரகாரர் எழுதுவர். 1693 ஜனவரி 6-ஆம் தேதி, மூவிராசாக்கள் திருநாளன்று, அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

பிரிக்கப்பட்ட மனைவியருள் இளையவள் சேதுபதியின் உடன்பிறந்தார் வழிப் பெண். அவள் முறையீடு அரண்மனையை எட்ட, ஞானஸ்நானம் நிகழ்ந்த இரண்டே நாளில், ஜனவரி 8-ஆம் தேதி, அருளானந்தர் சிறைப்பட்டார். தடியத் தேவர் அரசவையில் தம் குருவுக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. வெளிப்படையாக நாடுகடத்தலே தண்டனை என்று சொல்லி, ஓரியூரில் அதிகாரம் செலுத்திய தம் சகோதரரிடம் இரகசிய ஆக்கினையோடு அனுப்பினார் சேதுபதி. பிப்ரவரி 4-ஆம் தேதி பாம்பாற்றங்கரையில் அருளானந்தர் சிரச்சேதம் செய்யப்பட்டார். 1947 ஜூன் 22-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

இச்சம்பவத்தை வேதசாட்சியின் சரித்திரமாகவே எழுதுவது வழக்கம்; அது தகுதியே. ஆனால் அகமாற்றத்தின் சரித்திரத்தை ஆராய்வோன் கண்ணுக்கு, ஓரியூரில் உயிர் விட்டவரினும் சிறுவள்ளியில் உயிரோடிருந்தவரே முதன்மையாகத் தென்படுகிறார். தமிழ்நாட்டில் மறுபிறப்பு, எண்ணிக்கையாலும் தர்க்கத்தாலும் அன்றி, வீட்டுக்குள் நடந்த ஒரு நடத்தை மாற்றத்தால் நிரூபிக்கப்பட்டமைக்குத் தலைசிறந்த உதாரணம் அவர். பலதாரம் என்பது அக்காலத்துப் பிரபுவுக்குச் சிற்றின்ப விஷயம் மாத்திரமன்று. ஒவ்வொரு விவாகமும் ஒவ்வொரு குலத்தோடும் பாளையத்தோடும் செய்துகொண்ட உடன்படிக்கை. சேதுபதி கள்ளர் குலத்துக் காதலி நாச்சியாரை மணந்து, அவர் சகோதரர் ரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைக்கு அதிபராக்கியதையும், திருமயம் பிற்காலத்தில் தொண்டைமான் வசமானதையும் நினைத்துப் பார்த்தால், மனைவியரைத் துறப்பது இராஜ்ய தந்திரத்தின் ஆணிவேரையே அசைக்கும் செயல் என்பது விளங்கும். சேதுபதியின் கோபத்துக்கு மதத்துவேஷத்தினும் இதுவே பெருங்காரணம் என்று நான் கருதுகிறேன். சிங்காசனத்துக்கு உரிமையுள்ள ஒருவர் புதிய குருவையும் புதிய கூட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறார் என்னும் அச்சமும் உடன் நின்றது.

அந்தப் பெண்களின் நிலையையும் இங்கே நின்று எண்ணுதல் வேண்டும். ஒருவருடைய புதுப்பிறப்பின் விலையை அதனைக் கேளாத மற்றவர்கள் கொடுத்தார்கள். ஆதரவு கிடைத்திருப்பினும், மனைவி என்னும் பதவியும் அரண்மனை மரியாதையும் அவர்களை விட்டுப் போயின. முறையிட்ட இளையவளைப் பழைய சரித்திரங்கள் துஷ்டப் பெண்ணாகவே சித்திரிக்கின்றன. அவள் கேட்டது தனக்குரிய நியாயம் என்று எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவள் எந்த ஏற்பாட்டுக்குத் திரும்ப விரும்பினாளோ அதுவும் பெண்களிடத்து இரக்கமுடையதன்று என்பதும் உண்மையே: கிழவன் சேதுபதி 1710-இல் காலமானபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாகச் சேசுசபைப் பாதிரியார் மார்த்தின் எழுதிய கடிதம் கூறுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, தாமே தெரிந்தெடுத்துக்கொள்ளும் ஒரு வழி அப்பெண்களுக்கு இருக்கவில்லை.

அருளானந்தரின் மரணத்துக்குப் பின் தொண்டைமான் சீமையிலுள்ள ஆவூர் மதுரை மிஷனின் முக்கிய ஸ்தானங்களுள் ஒன்றாக ஓங்கிற்று. அங்கே 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலயம் எழுப்பிய பிரெஞ்சுப் பாதிரியார் புஷே, பிரான்சு தேசத்து மேற்றிராணியார் உவேவுக்கு எழுதிய நெடுங்கடிதமொன்றில், இந்தியரின் பல பிறவிக் கொள்கையைப் பித்தாகோரஸ், பிளேட்டோ ஆகியோரின் கொள்கைகளோடு ஒப்பிட்டு விரிவாக விசாரித்திருக்கிறார். பிறவித் தொடரை மறுக்கவே அவர் எழுதினார் எனினும், மறுக்குமுன் பொறுமையாகக் கேட்டறிந்த ஒருவரின் எழுத்து அது. ஆவூரில் தொண்டாற்றியவருள் ஒருவரான வீரமாமுனிவர் 1727-இல் ‘வேதியர் ஒழுக்கம்’ இயற்றினார். அவர் பாடிய ‘தேம்பாவணி’யின் ஒளியில் இவ்வுரைநடை நூல் மங்கிக் கிடப்பது நியாயமன்று. ஊரூராய்ச் சென்று பிறரைப் போதிக்கும் உபதேசியார், தனிமையில் அமர்ந்து தன் ஆத்துமத்தைத் தானே சோதித்து, போதிப்பது தன்னிடத்தில் மெய்யாயிற்றா என்று வினவிக்கொள்ளும்படி, இஞ்ஞாசியாரின் தியான முறையைத் தழுவி அமைந்தது அது. ஞானஸ்நானத்தோடு முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட மாற்றம், ஞானஸ்நானம் பெற்றுப் பல்லாண்டான போதகனுக்கே இன்னும் நிறைவேறாதிருக்கலாம் என்று அந்நூல் எடுத்துக்கொள்கிறது. நடத்தையைச் சாட்சியாகக் கொண்ட காலம், மனச்சாட்சியைச் சாட்சியாகக் கொள்ளும் காலமாக இங்கே திரும்புகிறது.

அதே திருப்பம் வேறொரு வாயிலாகவும் தமிழகத்துள் வந்தது. திருமயத்தில் மதில் எழுந்த 1687-ஆம் ஆண்டிலேயே, ஜெர்மனியின் லூனபுர்க் நகரில் ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் இளம் பண்டிதர், பிரசங்கம் ஒன்றுக்கு ஆயத்தம் செய்கையில், தாம் போதிக்கப் போகும் விசுவாசம் தம்மிடத்திலேயே இல்லை என்று கண்டு கலங்கி, முழந்தாளிட்டு வேண்டி, ஒரே இரவில் ஐயம் நீங்கப் பெற்றார். பின்னாளில் ஹாலே நகரில் அவர் நிறுவிய அநாதை இல்லமும் பள்ளிகளும் ஜெர்மனியின் லுத்தரன் சபையில் எழுந்த பக்தி இயக்கத்தின் மூலஸ்தானமாயின. அவருடைய மாணவர் சீகன்பால்கு 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். இவ்வியக்கத்தாருக்கு, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து சிசுவாய் ஞானஸ்நானம் பெற்றவனும், தன் பாவத்தை உணர்ந்து மனம் நொறுங்கி மறுபடி பிறந்தாக வேண்டும். உள்ளத்தின் போராட்டமே சாட்சியம்.

சீகன்பால்கு மொழிபெயர்த்து 1715-இல் அச்சாகி முற்றுப்பெற்ற தமிழ்ப் புதிய ஏற்பாடு, மறுபிறப்புக்குக் குருவின் சந்நிதி இன்றியமையாதது என்னும் நிலையை மாற்றிவிட்டது. தஞ்சாவூர்ச் சேனையில் ஊழியம் செய்த இராஜநாயக்கன், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அச்சிட்ட சுவிசேஷம் கைக்கு எட்ட, அதனைத் தாமே ஊன்றி வாசித்து உள்ளம் மாறி, மிஷனெரிமாரோடு கடிதத் தொடர்பு கொண்டு, 1727-இல் லுத்தரன் சபையில் சேர்ந்தார். சிறுவள்ளிப் பிரபுவின் மாற்றத்தைப் பிறர் எழுதிய கடிதங்களால் அறிகிறோம். இப்போர்வீரரோ தம் மாற்றத்தைப் பற்றித் தாமே எழுதியவர். 1771 வரை நீடித்த வாழ்வில் அவர் தஞ்சை நாட்டு உபதேசியாராக ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் 1733-இல் தமிழருக்குள் முதல் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றவர் வேளாளரான ஆரோன். பறையர் குலத்தில் பிறந்த இராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் அளிக்க, மேற்சாதிக் கிறிஸ்தவர் அவர் கையால் நற்கருணை வாங்கார் என்று அஞ்சி, மிஷனெரிமார் பின்வாங்கினர். நெஞ்சத்தின் மறுபிறப்பையே சகலமுமாகக் கொண்ட பக்தி இயக்கத்தாரும், முதற்பிறப்பின் முன் தலைகுனிந்தார்கள். நொபிலியின் இணக்கத்தைக் கண்டித்தவர்களே அதன் பலனை அனுபவித்தவர்களுமாயினர்; இவ்வரலாற்றில் இதனினும் என் மனத்தை வருத்தும் அதிகாரம் வேறில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாட்சியம் கவிதையாயிற்று. திருநெல்வேலி வைணவ வேளாளர் மரபில் 1827-இல் தோன்றிய கிருஷ்ண பிள்ளை, தம் நண்பரும் தம்பியும் முன்னமே கிறிஸ்தவரானதைக் கண்டு நெடுநாள் மனம் கலங்கி, நூல்களை ஆராய்ந்து, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். தாம் கிறிஸ்தவரான வரலாற்றைத் தம் கையாலேயே எழுதிவைத்தார். 1894-இல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவியது என்றாலும், கம்பனில் தோய்ந்த நாவும் ஆழ்வார்களின் உருக்கமும் சேர்ந்து அதனைத் தமிழ் நிலத்துக் காவியமாக்கின. அதன் யாத்திரிகன் ஒரு வாயிலில் நுழைந்தவுடன் முற்றுப்பெற்றுவிடுவதில்லை. இடறியும் எழுந்தும் நெடுவழி நடக்கிறான். திருமங்கையாழ்வாரின் ஒரு கணமும் அகுஸ்தீனாரின் காத்திருந்த மாதங்களும் அந்நடையில் ஒருங்கே அடங்கிவிடுகின்றன. பழைய பக்தியின் மொழியை எறிந்துவிடாமல், அம்மொழியாலேயே புதிய பிறப்பைப் பாடியது கிருஷ்ண பிள்ளையின் அரிய செயல்.

அக்காவியம் வெளிவந்த 1894-ஆம் ஆண்டிலேயே சென்னையில் கிருபாபாய் சத்தியநாதன் 32-ஆம் வயதில் காலமானார். அஹமத்நகரில் மராத்தியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, வைத்தியக் கல்வி பயிலச் சென்னைக்கு வந்து, தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் அவர். தம் வாழ்க்கையையே தழுவி ஆங்கிலத்தில் அவர் எழுதிய ‘சகுணா’, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிச் சஞ்சிகையில் 1887, 1888 ஆண்டுகளில் வெளிவந்தது. அதன் தொடக்கப் பகுதிகளில் கதை சொல்லப்படுவது மனம் மாறிய பிராமணத் தந்தையைப் பற்றி மாத்திரமன்று. கணவனின் மாற்றத்தைத் தான் வேண்டாமலே, சுற்றத்தையும் ஆசாரத்தையும் இழந்து, அந்நியர் மத்தியில் வாழ நேர்ந்த தாயின் துயரமும், அத்துயரத்தினூடே பல்லாண்டுகளில் மெல்ல மெல்ல அவளுள் முளைத்த சொந்த விசுவாசமும் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. தடியத் தேவரின் வீட்டிலிருந்து பிரிந்து சென்ற பெண்களின் பக்கத்தில் நின்று ஒரு மனமாற்றத்தைப் பார்க்கும் எழுத்து, எனக்குத் தெரிந்தவரை, நம் நாட்டில் இந்நூலிலிருந்தே தொடங்குகிறது. 1896-இல் அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது.